நாற்பது கிராம் சோறு

பதினேழு வருடம் நான் உலகத்துக்குச் சோறு போட்டேன். உலகம் அதைச் சாப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

அடையாறில், மரங்கள் அடர்ந்த ஒரு தெருவின் கடைசியில் இருந்தது எங்கள் ஆராய்ச்சிக்கூடம். யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே வேலியோரம் செழித்து நிற்கிற ஒரு புல்லிலிருந்து மரபணு ஒன்றை எடுத்து நெல்லுக்குள் வைப்பது எங்கள் திட்டம். மழை பொய்த்தாலும் அந்த நெல் பொய்க்காது. ஜனத்தொகை பெருகுகிறது, நிலமும் தண்ணீரும் பெருகவில்லை, ஆகவே நாங்கள்தான் வழிகாட்ட வேண்டும் என்று வரவேற்பறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு குழந்தை காலிக் கிண்ணத்தோடு சிரிக்கிற படம். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் கேன்டீன் சாம்பாரில் பருப்பு போதவில்லை என்று நாங்கள் புகார் எழுதுவோம்.

நான் விஞ்ஞானி இல்லை, விஞ்ஞானிகளுக்கு உதவியாளன். என் வேலை சோறு வடிப்பது. எம்.எஸ்ஸி. படித்துவிட்டுச் சோறு வடிக்கிறேன் என்று மயிலாப்பூரில் சொல்லிக்கொண்டிருந்தால் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. அதனால் 'தானியத் தர ஆய்வு' என்று சொல்லிவந்தேன். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

ஆய்வு இப்படி நடக்கும். அரிசியை அளந்து கொதிநீரில் போடுவேன். எத்தனை நிமிடத்தில் வேகிறது, வெந்த பருக்கை எவ்வளவு நீள்கிறது, ஒன்றோடொன்று ஒட்டுகிறதா, உதிர்கிறதா, வாசனை எப்படி என்று எல்லாவற்றையும் எழுதிவைப்பேன். ருசியை மட்டும் எழுத மாட்டேன். ஏனென்றால் அந்தச் சோற்றை வாயில் வைக்கக் கூடாது. வாயில் வைப்பதற்கான அனுமதி அதற்கு அடுத்த கட்டத்தில், தில்லியிலிருந்து வர வேண்டும். எங்கள் கோப்பு அந்தக் கட்டத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. போய்ச் சேரவில்லை.

அதுவரை விளைந்த நெல், குத்திய அரிசி, நொய், உமி, வடித்த சோறு எதுவானாலும் எடை போட வேண்டும். பிறகு ஆளுயர பிரஷர் குக்கர் மாதிரி ஒரு எந்திரத்தில் ஆவியில் வேகவைத்துக் கொன்று, வெளியே ஒரு மணிகூட முளைத்துவிடாதபடி பின்கட்டு உலையில் போட்டு எரிக்க வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு எரிந்தது என்று பதிவேட்டில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன் என்று கஞ்சனைச் சொல்வார்கள். நாங்கள் அதையே விதிமுறையாக அச்சடித்து, பக்க எண் போட்டு வைத்திருந்தோம்.

முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது, உலையைப் பார்த்துக்கொண்ட அந்தம்மாவுடையது. காண்டிராக்டர் வைத்த ஆள். முன்பு அடையாற்றுக் கரையில், எங்கள் கூடத்திலிருந்து பத்து நிமிட நடையில் குடிசை. ஆற்றை அழகுபடுத்தப் போவதாகச் சொல்லிக் குடிசைகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வேலைக்கு வர இரண்டு பஸ். ஆறு அழகானதாக எனக்குத் தெரியவில்லை. அந்தம்மா மட்டும் தினமும் ஒன்றரை மணி நேரம் முன்னதாக எழுந்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு தட்டு நிறைய வெள்ளை வெளேரென்று வடித்த சோற்றை உலைக்கு முன்னால் வைத்துக்கொண்டு நின்றார். கீழே விழுந்த அரிசியை மிதித்துவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அப்படித் தட்டைத் தொட்டு ஒற்றிக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஏன் சார், நல்ல சோறாத்தான கீது. இத்த இன்னாத்துக்கு கொளுத்துறோம்?"

நான் விளக்கினேன். பெருகும் ஜனத்தொகை, வறட்சி, பாதுகாப்பு, அனுமதி என்று வரவேற்பறைச் சுவரில் இருந்தது பூராவும் சொன்னேன். பசித்தவர்களுக்குப் போடுவதற்காகத்தான் இவ்வளவும் என்று முடித்தேன்.

"பசிச்சவங்களுக்குப் போடத்தான் கொளுத்துறோமா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. சரியாகப் புரிந்துகொண்டோமா என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

வீட்டில் கதை வேறு. மாட வீதிக்குப் பின்னால் எங்கள் ஃபிளாட். என் மனைவி ஆழ்வார்பேட்டையில் கூடுகிற இயற்கை உணவுக் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டாள். அன்று முதல் சாதாரண அரிசி எங்கள் வீட்டில் விஷமாகிவிட்டது. தூயமல்லி வந்தது. கருப்புக் கவுனி வந்தது. கவுனி வேகிறதற்குள் குக்கர் அடிக்கிற விசில் கேட்டு எதிர் ஃபிளாட்டுக்காரர் இரண்டு முறை கதவைத் தட்டி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார். நான் ஆபீஸிலிருந்து வந்தால் வாசலிலேயே ஒரு உத்தரவு காத்திருக்கும்.

"அந்த அரிசியத் தொட்ட கையோட ஆத்துக்குள்ள வராதீங்கோ. நன்னா அலம்பிண்டு வாங்கோ."

அலம்பிக்கொண்டு வருவேன். பகலெல்லாம் மரபணு மாற்றிய சோற்றை ஒருவரும் சாப்பிடாமல் காவல் காப்பேன், ராத்திரி மரபணு மாற்றாத சோற்றை மென்று தாடை வலிக்கப் படுப்பேன். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். எனக்கு இரண்டு காலும் சோற்றில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழு மரபணு மாற்றத்துக்கு எதிராகக் கூட்டம் போட்டது. எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர் பேசினால் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தார்கள். சும்மா வருகிற எதிர்த்தரப்பு ஊரில் நான் ஒருவன்தான். போனேன். பசியைப் பற்றிப் பேசினேன், யாரும் அசையவில்லை. வறட்சியைப் பற்றிப் பேசினேன், ஒருவர் கொட்டாவி விட்டார். கடைசியில் எனக்கே ரோஷம் வந்து, "இத்தனை வருஷத்தில் எங்கள் கூடத்திலிருந்து ஒரு பருக்கை வெளியே போனதில்லை, போகவும் போகாது" என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன். அரங்கம் அதிரக் கைதட்டியது. உலகத்துக்குச் சோறு போடுகிறவன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கைதட்டல் வாங்கினான், அதுவும் யாருக்கும் போடவில்லை என்று சொன்னதற்காக.

கூட்டம் முடிந்து வாழைக்காய் பஜ்ஜி கொடுத்தார்கள். கை கழுவப் பின்பக்கம் போனவன் சமையல்காரர் வைத்திருந்த எண்ணெய்த் தகரத்தைப் பார்த்தேன். பருத்திக்கொட்டை எண்ணெய். நம் வயல்களில் விளைகிற பருத்தி ஏறக்குறைய எல்லாமே மரபணு மாற்றியதுதான். வேட்டிக்கு மட்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அதன் கொட்டை சமையல்கட்டுக்கு எப்போதோ வந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் என் மனைவி மூன்றாவது பஜ்ஜியில் இருந்தாள். மொறுமொறுவென்று இருப்பதாகவும், இயற்கை உணவு என்றால் இதுதான் என்றும் சொன்னாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமான நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து அமாவாசை வந்தது. காலையில் தர்ப்பணம் பண்ணினேன். என் மனைவி பால்கனிச் சுவரில் ஒரு பிடி தூயமல்லிச் சோறு வைத்துக் காக்காயைக் கூப்பிட்டாள். எங்கள் வீட்டில் அது தினமும் நடக்கிறதுதான். அமாவாசையன்று மட்டும் காக்காய் வாய் வைத்த பிறகுதான் எனக்கு இலை. அன்றைக்குக் காக்காய் வரத் தாமதம் செய்ததால் நானும் ஆபீசுக்கு அரை மணி தாமதம். மேலதிகாரியிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் வீட்டிலும் அதே கதை என்றார்.

அன்று கொஞ்சம் அதிகமான அளவில் சமைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அரைக் கிலோ அரிசி வடித்து, தட்டுகளில் பரப்பி, எடை போட்டு, அளவெல்லாம் எடுத்தபின் எரிப்பதற்கு அனுப்பிவிட்டேன். மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பின்பக்க மதில் அருகே அந்தம்மா நின்றுகொண்டிருந்தார். மதில் மேல் ஒரு பாதாம் இலை, இலையில் வெள்ளைச் சோறு. கா, கா என்று கூப்பிட்டார். ஒரு காக்காய் இறங்கி வந்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தின்றது. பின்னாலேயே இன்னும் இரண்டு வந்தன. அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

எந்தச் சோறு என்று எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் பார்த்த பருக்கை அல்லவா. ஓடிப் போய்க் கேட்டேன். அந்தம்மா மறைக்கவில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் இறந்துபோன தன் கணவருக்காக வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் சோறு கொண்டுவந்து இந்த மதிலில் வைப்பது வழக்கமாம். அன்றைக்கு டப்பாவை மத்திய கைலாஷில் பஸ் மாறும்போது சீட்டிலேயே விட்டுவிட்டார். எப்படியும் எரிக்கப்போகிற சோறுதானே என்று தட்டிலிருந்து ஒரு கை எடுத்துவிட்டார்.

பெரும்பாக்கத்தில் காக்காயே கிடையாதா என்று கேட்டேன். எரிச்சலோடுதான் கேட்டேன்.

"கீது சார். அது வேற காக்கா. எங்க வூட்டுக்காரருக்குப் பெரும்பாக்கம் தெரியாது. ஆத்தோரத்துலயே போய்ச் சேந்துட்டாரு. நாங்க வூடு மாறுனத அவருக்கு யாரு போய் சொல்றது?"

உள்ளே வந்தேன். இன்னும் எரிக்காமல் இருந்த தட்டுகளை மறுபடி எடை போட்டேன். நாற்பது கிராம் குறைந்தது.

வெந்த சோறு முளைக்காது. இது காக்காய்க்கும் தெரியும். பரப்பி வைத்த சோற்றில் ஈரம் காய்ந்து எடை குறைவதும் தினமும் நடப்பது. 'ஈரம் காய்ந்ததால் குறைவு' என்று எழுதியிருந்தால் அதோடு போயிருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஊர் இது, சோற்றையே மறைக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் ஒரு பருக்கை வெளியே போகாது என்று மேஜையைத் தட்டிய கை அது. கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. அதோடு பயமும் இருந்தது, பின்பக்கம் கேமரா மாட்டியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்து நேர்மை என்று பேர் வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன். உண்மை எழுத எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

எழுதி முடித்துப் பதிவேட்டை அந்தம்மாவிடம் நீட்டினேன். எப்போதும் போல எங்கே போட வேண்டும் என்று கேட்டார். காட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. எழுத்து எழுத்தாக, கோடு தாண்டாமல், தன் பெயரைப் போட்டுக்கொடுத்தார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

விசாரணைக் குழு அடுத்த வாரம் கூடியது. ஆறு பேர், ஒரு தட்டு முந்திரி, ஒரு காக்காய் விவகாரம். எத்தனை காக்காய் என்று கேட்டார்கள். மூன்று, நான்காகவும் இருக்கலாம் என்றேன். உறுதியாகச் சொல்ல முடியாதா என்று தலைவர் வருத்தப்பட்டார். ஒரு காக்காய் ஒரு நாளில் எவ்வளவு தூரம் பறக்கும் என்று அரை மணி பேசினார்கள். சம்பந்தப்பட்ட காக்காயைப் பிடித்துவைக்க வழியுண்டா என்று வெளியூரிலிருந்து வந்த உறுப்பினர் கேட்டார். வெந்த சோறு முளைக்காது என்று நான் மெதுவாகச் சொன்னேன். அது அறிவியல், இங்கே பேசுவது விதிமுறை என்று தலைவர் எனக்குப் புரியவைத்தார்.

இரண்டு முடிவு எடுத்தார்கள். உலைக்கு வேறு ஆள் போடும்படி காண்டிராக்டருக்குச் சொல்வது ஒன்று. மூன்று மாதத்துக்கு அந்த மதிலுக்கு வருகிற காக்காய்களைக் கண்காணித்து, அவற்றுக்கு ஏதாவது ஆகிறதா என்று குறித்துவைப்பது இன்னொன்று. முதலாவது அன்று சாயந்திரமே நடந்தது. அந்தம்மாவுக்காகக் காண்டிராக்டரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று நினைத்தேன். நல்ல நினைப்புதான், அடுத்த நாளும் நினைத்தேன். இரண்டாவது வேலை என் தலையில் விழுந்தது.

தினமும் பதினொரு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் புதுப் பதிவேடுமாகப் பின்பக்கம் போய் உட்கார்வேன். மயிலாப்பூரில் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு வந்து, அடையாறில் காக்காய்க்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கிற உத்தியோகம். வந்தன, கரைந்தன, போயின. 'நலம். நடத்தையில் மாற்றமில்லை' என்று எழுதினேன். தினமும் அதையேதான் எழுதினேன்.

அடுத்த அமாவாசையன்று மத்தியானம் ஒரு காக்காய் வந்து, பாதாம் இலை இருந்த அதே இடத்தில் உட்கார்ந்தது. பறக்கவில்லை, கரையவும் இல்லை. தலையைச் சாய்த்துப் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. புதிதாக வந்த ஆள் குப்பைக் கூடையோடு வெளியே வந்து, அதைக் கொட்டிவிட்டு உள்ளே போனார். காக்காய் இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது. என் மடியில் தயிர் சாத டப்பா இருந்தது. கண்காணிப்பில் இருக்கிற பறவைக்குக் கண்காணிப்பவர் தீனி போடக் கூடாது, முடிவு கெட்டுவிடும். நலம் என்று எழுதினேன். அதற்கடுத்த அமாவாசைக்கும் வந்தது, அன்றும் நலம்தான். மூன்றாவது அமாவாசைக்கு வரவில்லை. அதற்கும் ஏதாவது எழுத வேண்டுமே என்று 'வருகை இல்லை' என்று எழுதினேன்.

அந்தப் பதிவேட்டை யாரும் கேட்கவில்லை. அனுமதியும் வரவில்லை. திட்டத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தபோது, சேமித்துவைத்த விதைநெல் அத்தனையும் மூன்று நாளாக எரிந்தது. வரவேற்பறையில் கிண்ணத்தோடு சிரித்த குழந்தையைக் கழற்றி, துணி சுற்றி, ஸ்டோர் ரூமில் வைத்தார்கள். எனக்கு ஒரு சால்வை போட்டு அனுப்பினார்கள்.

போன ஆடி அமாவாசைக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் தர்ப்பணம் பண்ணிவிட்டு, கூட்டம் தாங்காமல் ஊரூர் குப்பம் பக்கமாக நடந்தேன். படகுகளைத் தாண்டி, அடையாறு கடலில் சேர்கிற இடத்தில் அந்த உடைந்த பாலம் வரைக்கும் போய்விட்டேன். ஆற்றைப் பார்த்தபடி ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். என்னை அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார்.

"சார், நல்லாகிறீங்களா?"

நலம் என்றேன். அந்த வார்த்தை எனக்குச் சுலபமாக வரும்.

அந்தம்மா பேசினார். எட்டு மாதம் வேலை கிடைக்காமல் இருந்து, இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் கழிவறை கழுவுகிறாராம். பதிவேட்டில் நான் எழுதியிருந்ததைக் காண்டிராக்டரின் ஆள் படித்துக் காட்டினாராம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, பஸ் நம்பர் சொல்கிற மாதிரி சொன்னார். அதற்குப் பிறகு அமாவாசைக்கு மதிலில் சோறு வைக்க வந்தபோது வாட்ச்மேன் உள்ளே விடவில்லையாம். கணவர் எப்படியாவது தேடிக்கொண்டு வருவார் என்று, ஆற்றோரத்தை விடாமல், அமாவாசைக்கு அமாவாசை இந்தப் பாலத்துக்கு வருகிறாராம்.

"அந்த அரிசி ரேஷன்ல வந்துச்சா சார்?"

வரவில்லை, எல்லாவற்றையும் எரித்துவிட்டோம் என்றேன்.

"அப்போ அத்த துன்னது எங்க வூட்டுக்காரரு ஒருத்தர்தானா?" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பதினேழு வருட ஆராய்ச்சியின் முடிவை அதைவிடச் சுருக்கமாக எங்கள் ஆண்டறிக்கைகளில் ஒன்றுகூடச் சொன்னதில்லை.

பிறகு கேட்டார், தான் போனதற்கப்புறம் அந்த மதிலுக்குக் காக்காய் வந்ததா என்று. பொய் சொல்லியிருக்கலாம். இந்தத் தடவையும் உண்மைதான் வாயில் வந்தது. இரண்டு அமாவாசை வந்தது, வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தது என்றேன்.

"சோறு வெச்சீங்களா சார்?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அந்தம்மா எவர்சில்வர் டப்பாவைத் திறந்து பாலத்தின் சுவரில் ஒரு கைச் சோறு வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்திலேயே இன்னும் இரண்டு கை தனித்தனியாக வைத்தார். அந்த இரண்டு அமாவாசையும் பட்டினியாக இருந்திருப்பார், பாவம் என்றார்.

பசியைப் பற்றி மேடையேறிப் பேசியிருக்கிறேன். நேருக்கு நேர் உட்கார்ந்து பார்த்தது அந்த இரண்டு மத்தியானம்தான். மடியில் சோற்றை வைத்துக்கொண்டு, நலம் என்று எழுதினேன்.